லேக் டிஸ்ட்ரிக்டின் இலையுதிர்காலம்: ஐந்து நாள் ஒளிப்படப் பயணத்தை எப்படித் திட்டமிடலாம்?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: பணி நிமித்தம் ஓராண்டு லண்டனில் இருக்கிறீர்கள், அக்டோபர் கடைசி வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா மாவட்டத்தில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்டின் இலையுதிர்கால நிறங்களைப் படமெடுக்க வேண்டும். கையில் 16-35, 24-70 மில்லிமீட்டர் என இரண்டு லென்ஸ்களும் பார்க்க வேண்டிய பதினைந்து இடங்களின் பட்டியலும் இருக்கின்றன. எந்த வரிசையில் அவற்றைச் சுற்றி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரிசையைச் சொல்வதற்கு முன், அந்தப் பதினைந்தை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள் என்பதே என் முதல் பதில். தேசியப் பூங்காவான இந்தப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,362 சதுர கிலோமீட்டர்தான். வரைபடத்தில் எல்லா ஏரிகளும் அருகருகே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இங்குள்ள பள்ளத்தாக்குகள் நடுவிலுள்ள மலைத்திரளிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் நாலாபுறமும் பிரிந்து செல்கின்றன. இந்த உவமை என்னுடையது அன்று, இங்கேயே பிறந்து வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் சொன்னது. ஓர் ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் ஒன்று மலைக்கணவாயை ஏறி இறங்க வேண்டும், அல்லது விளிம்புவரை போய்ச் சுற்றிவர வேண்டும். கெஸ்விக் நகரிலிருந்து வாஸ்ட்வாட்டர் ஏரி பறவைக்குப் பக்கம், காருக்கு ஒன்றரை மணி நேரம். ஒளி மிகச் சிறப்பாக இருக்கும் காலை, மாலை நேரமே ஒரு நாளில் மொத்தம் இரண்டு மூன்று மணிதான். அதைச் சாலையில் கழித்துவிட்டு எந்த ஏரிக்கும் நண்பகலில் போய்ச் சேர்வதில் பயனில்லை. நான் முதன்முறை வந்தபோது மூன்று நாளில் பதினோரு ஏரிகளைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றிலும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் நின்றதில்லை. அந்தப் பயணத்துப் படங்களில் வைத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுகூட இல்லை. அதன்பின் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஓரிரு பள்ளத்தாக்குகளோடு நிறுத்திக்கொண்டேன், படங்கள் வரத் தொடங்கின.

இனி நாட்களைப் பற்றி. நிறம் இங்கே ஒரே நாளில் வருவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி வருகிறது. மலைச்சரிவு முழுக்க மண்டிக்கிடக்கும் பிராக்கன் என்னும் பெரணி அக்டோபர் முதல் பாதியிலேயே துருவின் நிறத்துக்கு மாறிவிடும். அடுத்து பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். அக்டோபர் கடைசியில் பீச் மரங்கள் செம்பு நிறம் கொள்ளும். ஓக் மரங்கள் நவம்பர் முதல் வாரம்வரை தாக்குப்பிடிக்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் லார்ச், எல்லாவற்றுக்கும் கடைசியாக நவம்பர் முதற்பாதியில் பொன்னிறமாகும். நம் கணக்கில் சொன்னால், ஐப்பசி பிறந்தது முதல் முடிவதுவரை ஏதாவது ஒரு மரம் நிறத்தில் இருக்கும். ஆகவே நீங்கள் குறித்த வாரம் பிழையானதன்று. ஆனால் அந்த வாரத்தில் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை; அறை வாடகை உயர்ந்துவிடும், கார் நிறுத்துமிடங்கள் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். விடுப்பைத் தள்ளிவைக்க முடியுமானால் நவம்பர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பீச்சின் உச்சம் சற்றே கடந்திருக்கும், ஓக்கும் லார்ச்சும் அதை ஈடுகட்டும், கூட்டமும் குறைந்திருக்கும். ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும்: அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஒரு புயல் ஒரே இரவில் பீச் தோப்பை மொட்டையாக்கிவிடும். எந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஆபத்து உண்டு. ஆதலால் காற்றுக்கு ஒதுங்கிய பள்ளத்தாக்குக் காடு ஒன்றை எப்போதும் மாற்றாகக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சூரியன் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த இடம் வடக்கே ஏறத்தாழ 54.5 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், அக்டோபர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்தைத் தாண்டாது. அதே நாளில் சென்னையில் அது ஏறத்தாழ 64 டிகிரி உயரத்தில் இருக்கும். உச்சிவெயில் என்ற ஒன்றே இங்கு இல்லை. மேகம் விலகினால் பகல் முழுவதும் சாய்ந்த ஒளிதான், பாறைக்கும் மரத்துக்கும் நீளமான நிழல்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய நாள் எட்டு மணியளவில் உதித்து மாலை ஐந்து ஐம்பதுக்கு மறையும் சூரியன், மறுநாள் ஏழு மணியளவில் உதித்து நாலு ஐம்பதுக்கு மறையும். நவம்பர் பத்தாம் தேதி வாக்கில் உதயம் ஏழரைக்கும் அஸ்தமனம் நாலு இருபதுக்கும் நகர்ந்திருக்கும். விடியலுக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டிய கோடைக்கால வேதனை இல்லாத பருவம் இது. உதயம் நேர் கிழக்கில் இராது, நன்றாகத் தென்கிழக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். எந்த மலை எப்போது ஒளி பெறும் என்று கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் இரண்டு போதும்: முதல் மூன்று இரவுகள் வடக்கே கெஸ்விக், அடுத்த இரண்டு இரவுகள் தெற்கே ஆம்பிள்சைடு. ரயிலில் வருவதானால் லண்டன் யூஸ்டனிலிருந்து பென்ரித் வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம், அங்கிருந்து கெஸ்விக்குக்குப் பேருந்து உண்டு. கெஸ்விக், கிராஸ்மியர், ஆம்பிள்சைடு, விண்டர்மியர் ஊர்களை 555 எண் பேருந்து இணைக்கிறது. ஆனால் முதல் பேருந்து வருவதற்குள் விடியலின் பாதி போய்விடும். ஆகவே கார் இருப்பது நல்லது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு வந்தவர்கள் பன்னிரண்டு மாதம்வரை இங்கே ஓட்டலாம். நம்மூரைப் போலவே இடப்பக்கப் போக்குவரத்துதான் என்றாலும், கல்சுவர்களுக்கு நடுவே ஒரே கார் அகலத்தில் செல்லும் பாதைகள் வேறு பழக்கத்தைக் கேட்கும். எதிரே கார் வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னோக்கிப் போகத் தயாராக இருக்க வேண்டும். ரைனோஸ், ஹார்டுநாட் கணவாய்களில் சரிவு மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குச் செங்குத்தாகும். வாடகைக் காரில், ஈரச் சாலையில், இருட்டில் அங்கே போக வேண்டாம்.

கெஸ்விக்கிலிருந்து நடந்தே போகக்கூடிய ஏரி டெர்வென்ட்வாட்டர். வந்து சேரும் மாலையை அதற்கு ஒதுக்குங்கள். ஃப்ரையர்ஸ் கிராக் என்னும் பாறைமுனையிலிருந்து தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கின் வாசல் தெரியும். மறுநாள் காலை ஏரியின் கிழக்குக் கரையில் நின்றால், எதிரே 451 மீட்டர் உயரமுள்ள கேட் பெல்ஸ் மலையின் பெரணிச் சரிவில் உதயத்தின் ஒளி நேராக விழும். இந்த ஏரிக்கரைக்கு ஒரு பழைய கதை உண்டு. கவிஞர் தாமஸ் கிரே 1769 அக்டோபரில் இங்கே வந்தார். அக்காலத்தில் காட்சி தேடி வருவோர், கருமை பூசிய சிறிய குவிகண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இயற்கைக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கண்ணாடிக்குள் அடங்கும் பிம்பத்தைப் பார்த்து ரசித்தார்கள். கிரேயும் அப்படிக் கண்ணாடியும் கையுமாகச் சென்றபோது வழுக்கி விழுந்து, கண்ணாடிக்குச் சேதமில்லாமல் கைவிரல் கணுக்களில் அடிபட்டுக்கொண்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். பரந்த காட்சியில் எதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதுதான் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பும் இங்கே வந்தவர்களின் கவலை. ஏரிக்கரைக் கற்கள் இன்றும் அதே வழுக்கல்தான். முதலில் முக்காலியை ஊன்றுங்கள், பிறகு கேமராவை வெளியே எடுங்கள்.

இரண்டாவது இடம் பட்டர்மியர் ஏரி. ஐந்து நாளில் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் சொல்வேன். நீளம் இரண்டு கிலோமீட்டர்தான். முழுக்கச் சுற்றிவர ஏழு கிலோமீட்டர் நடை. தென்மேற்கே ஹை ஸ்டைல் மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது, தென்கிழக்கு முனையில் ஃப்ளீட்வித் பைக், அதன் வலப்பக்கத்தில் ஹேஸ்டாக்ஸ். விடியலில் முதல் ஒளி ஹை ஸ்டைலின் உச்சிப் பாறைகளில் மட்டும் படியும், அடிவாரமும் ஏரியும் நீல நிழலிலேயே இருக்கும். அந்த நிழல்தான் உங்களுக்குத் தேவை. வெயில் படாத நீர்ப்பரப்பில் பெரும்பாலும் காற்று எழுவதில்லை, மலையின் பிம்பம் உடையாமல் நிற்கும். சூரியன் முகட்டைத் தாண்டி ஏரிமேல் இறங்கிய சற்று நேரத்தில் முதல் சிலிர்ப்பு நீரில் ஓடும்; அதன்பின் பிம்பம் கிடையாது. ஆகவே உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே கரையில் இருக்க வேண்டும். பட்டர்மியர் கிராமத்தில் காரை நிறுத்தி வயல்வழியே நடந்து போனால் வடமேற்குக் கரையில் தனியாக நிற்கும் ஒரு மரத்தை எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் எடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிடாமல் வடகிழக்குக் கரையோரம் நடங்கள். பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கப்பாதை வழியாகப் பாதை செல்லும். தென்கிழக்கு முனையில் வரிசையாக நிற்கும் பைன் மரங்களை ஒன்பதரை மணிவாக்கில் அடைந்தால், பக்கவாட்டு ஒளி அவற்றின் செந்நிறப் பட்டையில் விழத் தொடங்கியிருக்கும். பிற்பகலில் சூரியன் ஹை ஸ்டைலுக்குப் பின்னால் போய்விடுவதால் பள்ளத்தாக்கு சீக்கிரமே இருண்டுவிடும். இது காலைக்குரிய ஏரி.

நீர்ப்பிம்பத்துக்கு எக்ஸ்போஷர் வைக்கும்போது ஒரு தவறு எல்லோருக்கும் நேர்கிறது. நீரில் தெரியும் வானம் உண்மையான வானத்தைவிட எப்போதும் சற்று இருண்டே இருக்கும், ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வெளிச்சம் வரை. வானத்தை அடக்க மேல்பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டரை அளவுக்கு மீறிப் போட்டாலும், கணினியில் வானத்தை அதிகமாக இறக்கினாலும், பிம்பம் வானத்தைவிட வெளிச்சமாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் படம் பொய் என்று கண் சொல்லிவிடும்.

மழைநாள் நிச்சயம் வரும். பாரோடேல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர். அந்த மழைதான் பாரோடேலின் ஓக் காடுகளை வளர்த்தது. மரத்தின் அடிமுதல் கிளைநுனிவரை பாசியும் பெரணியும் போர்த்திய குளிர்மண்டல மழைக்காடு அது. மழைநாளில் விடுதியில் உட்கார்ந்திருக்கும் ஒளிப்படக்காரர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனெனில் காட்டைப் படமெடுக்க வேண்டிய நாள் அதுதான். வெயிலில் காடு வெள்ளைப் புள்ளிகளும் கறுப்புத் துண்டுகளுமாகச் சிதறிவிடும்; மூடிய வானத்தின் கீழ் ஒவ்வொரு நிறமும் தன் அளவில் நிற்கும். சென்ற ஆண்டு அங்கே ஒரு பாறைமுன் நெடுநேரம் நின்றேன். பாசியின் பச்சைமேல் ஒற்றை பீச் இலை விழுந்து ஒட்டியிருந்தது; நரம்போரத்தில் மட்டும் மஞ்சள், மற்ற இடமெல்லாம் செம்பு, காம்பின் அடியில் ஒரு மழைத்துளி தொங்கியபடியே இருந்தது. லென்ஸ் வழியே பார்த்தபோது இலைமுழுதும் வானத்தின் வெண்மை பூசிக் கிடந்தது. பளபளப்பை நீக்கும் போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பத் திருப்ப அந்த வெண்மை வழிந்துபோய்ச் செம்பு நிறம் உள்ளிருந்து எழுந்து வந்தது. இதைக் கணினியில் பின்னால் செய்ய இயலாது. எனவே வேறெந்த ஃபில்டர் இல்லாவிட்டாலும் போலரைசர் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். நீர்ப்பரப்பின்மேல் அது மிக அதிகமாக வேலை செய்வது, நீரோடு 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது. அப்போது கரையோரத்துக் கூழாங்கற்கள் தெரியும், ஆனால் மலையின் பிம்பமும் மங்கும். இரண்டில் எது வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுத் திருப்ப வேண்டும். நீல வானத்தில் 16 மில்லிமீட்டர் லென்ஸோடு இதைப் பயன்படுத்தினால் வானத்தின் ஒருபகுதி மட்டும் திட்டாக இருண்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லென்ஸ் பேச்சு வந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 16-35 லென்ஸை விட்டுவிட்டு வந்தாலும் குறையில்லை, ஒரு 70-200 லென்ஸை மட்டும் எப்படியாவது இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ கொண்டுவாருங்கள். அகலக் கோணத்தில் இந்த மலைகள் சிறுத்துப்போகின்றன. உயரமான ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். இலையுதிர்காலத்தின் அழகு துண்டுகளில் இருக்கிறது: இருண்ட சரிவின் முன் ஒளி விழுந்த ஒரே ஒரு பிர்ச், கல்சுவர் மலைமேல் ஏறிப்போகும் வளைவு, மேக இடைவெளியில் சரிவைக் கடந்து நகரும் வெயில்திட்டு. இவையெல்லாம் நீள லென்ஸுக்கு உரியவை. லென்ஸ் துடைக்கும் துணி மூன்று நான்கு வேண்டும், ஒன்று நனைந்தால் அன்றைக்கு அது உதவாது. தலைவிளக்கு, மழைமேலுடை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி ஆகியவற்றைக் கேமராவுக்குச் சமமாகக் கருதுங்கள்.

ஆம்பிள்சைடுக்கு இடம் மாறியபின் தெற்கில் மூன்று இடங்கள். முதலாவது பிளே டார்ன். லாங்டேல் பள்ளத்தாக்குகள் இரண்டுக்கும் நடுவே மேட்டில் அமைந்த சிறு குளம் அது. வடக்கே லாங்டேல் பைக்ஸ் மலைகள். தென்கிழக்கில் எழும் சூரியன் அந்த மலைகளை நேராகத் தொடுவதால் இதுவும் காலைக்குரியது. கரையில் லார்ச்சும் பைனும் நிற்பதால் நவம்பரில் வந்தால் இதை முதலில் வையுங்கள். ஆனால் பழைய படங்களில் கண்ட பொன்னிற லார்ச் தோப்புகள் எல்லாம் இப்பகுதியில் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஃபைட்டாப்தோரா ராமோரம் என்னும் நோய் பரவியதால் பல இடங்களில் லார்ச் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. இரண்டாவது, கோனிஸ்டன் அருகிலுள்ள ஹோம் ஃபெல். 317 மீட்டர்தான், கூட்டம் வராது, பழைய கற்சுரங்கத்துக்காகக் கட்டிய சிறு நீர்த்தேக்கங்களைச் சுற்றி பிர்ச் மரங்கள் அடர்ந்திருக்கும். மேகமூட்டமான பகல் முழுவதையும் அங்கே கழிக்கலாம்.

மூன்றாவதை இடம் என்பதைவிட வானிலை என்று சொல்வதே பொருத்தம். உயர் அழுத்தம் நிலைகொண்டு, இரவில் வானம் தெளிந்து, காற்று அடங்கினால், தரை வேகமாகக் குளிரும். கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும், ஏரியின் ஈரம் அதில் மூடுபனியாகும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால் பனி மேலெழ முடியாது. அன்று காலை ஏரிக்கரைக்குப் போனால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மேலே ஏற வேண்டும். தெற்கில் இருந்தால் 335 மீட்டர் உயரமுள்ள லாஃப்ரிக் ஃபெல், வடக்கில் இருந்தால் கேட் பெல்ஸ் அல்லது லாட்ரிக். விடிவதற்குள் உச்சியில் நின்றால், கீழே பனிக்கடல், அதில் தீவுகளாக மரத்தலைகள். ஐந்து நாளில் இது ஒருமுறை வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். ஆனால் முன்னறிவிப்பில் தெளிந்த வானமும் அசையாத காற்றும் சேர்ந்து தெரிந்தால், அன்றைக்குத் திட்டமிட்டிருந்த எதையும் விட்டுவிட்டு மலையேறுங்கள். இதற்காகத்தான் இடங்களுக்கு முன்கூட்டியே தேதி போட வேண்டாம் என்கிறேன். ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்: காற்றில்லையென்றால் பட்டர்மியர் அல்லது பிளே டார்ன், காற்றும் சிதறிய மேகமும் என்றால் நீள லென்ஸோடு ஒரு மலைச்சரிவு, மழையென்றால் பாரோடேல், தெளிந்த குளிரிரவு என்றால் உச்சி.

சில நடைமுறைகள். பல பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது, ஆகவே பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடங்களை வாங்கிக்கொள்ளுங்கள். வடமேற்குக்கு ஓஎல் 4, தென்கிழக்குக்கு ஓஎல் 7. இருட்டில் ஏறும் மலையை முந்தைய நாள் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. ட்ரோன் கொண்டுவர வேண்டாம். இங்கே கணிசமான நிலம் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளையின் வசம் உள்ளது, அனுமதியின்றி அதன் நிலத்திலிருந்து பறக்கவிட அது தடை விதித்திருக்கிறது. வயல்வாயில்களைத் திறந்தால் திறந்த கையோடு மூடிவிடுங்கள். நவம்பர் நெருங்கும்போது ஹெர்ட்விக் ஆடுகளின் இனச்சேர்க்கைக் காலம் தொடங்கும். கிடாவின் மார்பில் பூசிய செங்காவி, சேர்ந்த பெட்டையின் முதுகில் ஒட்டியிருக்கும். எந்த ஆடு சினையாகியிருக்கும் என்பதை இடையர் அந்தக் காவியைப் பார்த்தே கணக்கு வைத்துக்கொள்வார். சாம்பல் நிறக் கம்பளியில் அந்தச் சிவப்பு, பின்னால் துருவேறிய பெரணிச் சரிவு. நாய் குரைத்தோ நீங்கள் நெருங்கியோ மந்தை கலையாதபடி சுவருக்கு இப்பாலிருந்தே 200 மில்லிமீட்டரில் எடுங்கள்.

கடைசி நாள் காலைக்கு இப்போதே எந்த இடத்தையும் குறிக்க வேண்டாம். முதல் நான்கு நாளில் எங்கே ஒளி கைநழுவிப் போனதோ அங்கே திரும்பிப் போவதற்காக அதை வைத்திருங்கள். விண்டர்மியரிலிருந்து ரயில் ஏறுவதைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டால் அதற்கு நேரம் கிடைக்கும்.